லாஸ் வேகஸில் சைவக்காரருடன் சாப்பிடப் போனது

எங்கள் 25ஆவது திருமண நாளுக்கு எங்கே போக ஆசை என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் யோசிக்காமல் லாஸ் வேகஸ் என்றேன். சூதாடுவதற்கு இல்லை. ஒரு நாணயம்கூட மெஷினில் போடுவதில்லை என்று புறப்படும் முன்பே நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம். எனக்கு அங்கே சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். 14 வருடமாக ஒரு பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் 400 பிள்ளைகளுக்குக் குறையாமல் சமைத்துப் போடுகிறோம். அடுப்புக்குப் பின்னாலேயே நின்று பழகியவளுக்கு, இந்தத் தொழிலின் உச்சியில் இருப்பவர்கள் எப்படிச் சமைக்கிறார்கள், எப்படிப் பரிமாறுகிறார்கள் என்று மேஜையில் உட்கார்ந்து பார்க்க வெகுநாளாக ஆசை.

என் கணவர் சைவம். பால், வெண்ணெய், முட்டை உண்டு. இறைச்சி, மீன், அவற்றில் இறக்கிய சாறு எதுவும் கிடையாது. நான் எல்லாம் சாப்பிடுவேன். நான்கு நாளில் ஐந்து இடங்களில் சாப்பிட்டோம். அந்த ஐந்தையும் இப்போது மனதில் வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒவ்வொரு இடத்தையும் நான் அவர் தட்டை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன் என்று தெரிகிறது. தாங்கள் பெயர் வாங்கிய உணவை நன்றாகச் செய்வது எந்தப் பெரிய உணவகத்துக்கும் முடியும். அதைத் தொடாத ஒருவருக்கு அதே அக்கறையோடு ஏதாவது செய்து தருகிறார்களா என்பதுதான் எனக்குக் கேள்வியாக இருந்தது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெய்யும் பாலைவனம் அது. தட்டில் வரும் மீனும் நண்டும் எங்கிருந்தோ விமானத்தில் வந்து இறங்குபவை. ஒரு காலத்தில் அங்கே சாப்பாடு என்றால் மலிவு பஃபேதான். ஆட்கள் வயிற்றை நிரப்பிக்கொண்டு சீக்கிரம் சூதாட்ட மேஜைக்குத் திரும்ப வேண்டும் என்பதே கணக்கு. 1992இல் வுல்ஃப்காங் பக் என்ற பிரபல சமையல்காரர் தன் ஸ்பாகோ உணவகத்தை சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலை ஒட்டிய ஃபோரம் ஷாப்ஸ் கடைத்தொகுதியில் திறந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஹோட்டலும் ஒரு பெரிய சமையல்காரரைத் தேடிப் பிடிக்கத் தொடங்கியது. இன்று கேசினோ ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையின் பெரிய ஹோட்டல்களுக்குச் சூதாட்டத்தில் வரும் வருமானத்தைவிட அறை, சாப்பாடு, நிகழ்ச்சிகளில் வருவது அதிகம். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷெலின் வழிகாட்டி 2008, 2009 என இரண்டு ஆண்டு லாஸ் வேகஸுக்குத் தனிப் பதிப்பு போட்டது. எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் பிரெஞ்சுச் சமையல்காரர் ஜோயல் ரொபுஷோன் பெயரில் இருக்கும் உணவகம் அப்போது மூன்று நட்சத்திரம் வாங்கியது, அதுதான் உச்சம். நான் போகும் இடங்களைத் தேர்ந்தெடுத்ததில் அந்தப் பழைய பட்டியலுக்கும் பங்கு உண்டு.

முதல் இரவு தவறான இடத்தில் சாப்பிட்டோம். பெயர் சொல்ல விரும்பவில்லை. ஸ்ட்ரிப்பில் ஒரு கேசினோவுக்குள் இருக்கும் ஸ்டேக் ஹவுஸ், அதாவது இறைச்சித் துண்டைச் சுட்டுத் தரும் உணவகம். முன்பதிவு செய்யும்போதே ஒருவர் சைவம் என்று எழுதியிருந்தேன். போய் உட்கார்ந்த பிறகு சர்வர் அதை முதல் முறையாகக் கேள்விப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டார். "சைடு டிஷ் நிறைய இருக்கிறது, இரண்டு மூன்று சேர்த்துக்கொள்ளலாம்" என்றார். வதக்கிய பசலைக்கீரை, காளான், அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு. மூன்றும் மூன்று சின்ன இரும்புச் சட்டியில் வந்தன, அதுவும் என்னுடைய இறைச்சி வந்து பத்து நிமிடம் கழித்து. காளானை எதில் வதக்கினீர்கள் என்று என் கணவர் கேட்டார். உள்ளே போய்க் கேட்டு வந்தவர், இறைச்சிச் சாறு கொஞ்சம் சேர்ந்திருக்கிறது என்றார். காளான் அப்படியே திரும்பிப் போனது, பதிலுக்கு எதுவும் வரவில்லை.

"பரவாயில்லை, நீ ஆறுவதற்குள் சாப்பிடு, எனக்கு இது போதும்" என்றார் அவர். திருமண நாள் பயணத்தின் முதல் இரவில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் இறைச்சி நன்றாகத்தான் இருந்தது. வெளியே கருகல் மணம், உள்ளே சிவப்பு, சரியான பதம். ஆனால் எதிரில் ஒருவர் உருளைக்கிழங்கை மெதுவாக மெதுவாகத் தின்று நேரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போது எது ருசிக்கும்? பத்தடி தூரத்தில் ஸ்லாட் மெஷின்கள் வேறு ஓயாமல் மணியடித்துக்கொண்டிருந்தன. பில்லில் வரிக்கு மேல் ஏதோ ஒரு கட்டணம் தனியாகச் சேர்த்திருந்தார்கள். அது என்னவென்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை. பள்ளியில் எங்களிடம் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் உண்டு. தினமும் காலையில் முதல் வேலை அதைப் படிப்பதுதான். பள்ளிச் சாப்பாட்டுக்கு எங்கள் பிள்ளைகள் தரும் காசோடு ஒப்பிட்டால் இங்கே வாங்கியது எத்தனை மடங்கு என்று அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் கோபத்தோடு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை மதியம் ஸ்பாகோ. 1992இல் திறந்த பழைய இடம் இப்போது இல்லை. 2018இல் பெலாஜியோ ஹோட்டலுக்குள், ஏரிக்கரையை ஒட்டி இடம் மாறிவிட்டது. எட்டு ஏக்கருக்கு மேல் பரப்புள்ள செயற்கை ஏரி அது, 1998இல் ஹோட்டலோடு சேர்ந்து வந்தது. வெளித்திண்ணையில் மேஜை வேண்டும் என்று முன்பதிவில் கேட்டிருந்தேன், கொடுத்தார்கள். பகலில் அரை மணிக்கு ஒருமுறை நீரூற்று இசைக்கு ஏற்ப எழும்பி ஆடும். அப்போது பேச்சு நின்றுவிடுகிறது, கரண்டியும் நின்றுவிடுகிறது. நான் புகைபோட்ட சால்மன் மீன் வைத்த பீட்சா வாங்கினேன். வுல்ஃப்காங் பக்கின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பண்டம் அது. மெல்லிய, மொறுமொறுப்பான அடி, மேலே குளிர்ந்த க்ரீம், அதன் மேல் மீன். சூடும் குளிர்ச்சியும் ஒரே கடியில். என் கணவருக்கு அங்கேயே பிசைந்து இழுத்த பாஸ்தா. சாஸில் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்க, சர்வர் யோசிக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தச் சாதாரண விஷயமே முந்தின இரவின் கசப்பைப் பாதி கழுவிவிட்டது. பெரிய பெயருள்ள இடங்களில் மதியச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்றால் மதியமே போய்விடுங்கள். செலவு குறைவு, கூட்டம் குறைவு, வெளிச்சம் அதிகம்.

பெலாஜியோவில் உண்மையில் நான் சாப்பிட நினைத்தது பிகாசோ என்ற உணவகத்தில். சுவரில் பிகாசோவின் அசல் ஓவியங்களை மாட்டி, ஹூலியான் செர்ரானோ 1998இலிருந்து சமைத்துவந்த இடம். ஓவியங்களில் 11 படைப்புகளை 2021இல் ஏலத்தில் விற்றார்கள், சுமார் 109 மில்லியன் டாலருக்கு. 2024 ஆகஸ்டில் உணவகத்தையே மூடிவிட்டார்கள். பிள்ளைகள் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்ததில் அது கைநழுவிப் போனது. போக வேண்டும் என்று மனதில் ஓர் உணவகம் இருந்தால் போய்விடுங்கள். அந்த ஊரில் எதுவும் நமக்காகக் காத்திருப்பதில்லை.

அன்று இரவு ஸ்ட்ரிப்பை விட்டு வெளியே, லோட்டஸ் ஆஃப் சயாம். டாக்ஸியில் போனோம். இதை உயர்தர உணவகம் என்று சொல்வதில் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். எனக்கு இல்லை. சாய்பின் சுட்டிமா என்ற பெண்மணி 1999இல் கிழக்கு சஹாரா அவென்யூவில் பழைய கடைத்தொகுதி ஒன்றில் தொடங்கியது. வடக்குத் தாய்லாந்துச் சமையல். 2011இல் அவருக்கு அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது, தென்மேற்கு வட்டாரத்தின் சிறந்த சமையல்காரர் என்று. நாங்கள் போனது ஃப்ளமிங்கோ சாலையில் இருக்கும் இடத்துக்கு. அங்கே ரீஸ்லிங் ஒயின் பட்டியல் பெரிது. காரத்துக்கு அந்த லேசான இனிப்பு ஒயின் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். பொரித்த சோற்றை உதிர்த்து, புளித்த பன்றி இறைச்சி, இஞ்சி, வேர்க்கடலை, எலுமிச்சைச் சாறு, மிளகாய் சேர்த்துக் கலந்து தரும் நாம் காவ் தோட் ஒரு தட்டு எனக்கு. வாயில் கரகரவென்று உடைந்து, புளித்து, எரிந்து, மறுபடியும் கை தட்டுக்கே போனது.

என் கணவருக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். சைவம் என்றதும் சர்வர் அம்மா மெனுவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். இதில் மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ் போடலாம். இதில் போடலாம். இது முடியாது, அரைத்து வைத்த மசாலாவிலேயே இறால் விழுது இருக்கிறது. அந்த "முடியாது" என்ற சொல்லுக்காகவே நான் அங்கே மறுபடி போவேன். தங்கள் மசாலாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்களால்தான் அப்படிச் சொல்ல முடியும். தாய் உணவகத்துக்குப் போகும் சைவக்காரர்கள் கேட்க வேண்டிய இரண்டு கேள்வி இவைதான், மீன் சாஸும் இறால் விழுதும். டோஃபுவும் துளசி இலையும் போட்டு அவருக்கு வந்த வறுவலை நானும் பாதி தின்றேன். நாங்கள் சாப்பிட்ட ஐந்தில் மிகக் குறைந்த செலவும் இங்கேதான்.

மூன்றாவது நாள் எம்ஜிஎம் கிராண்டில் லாட்டெலியே. ரொபுஷோனின் பெரிய உணவகத்துக்குப் பக்கத்திலேயே அவர் பெயரில் இருக்கும் இன்னொன்று. இரண்டும் 2005இல் வந்தவை. 50 வயதைத் தாண்டியதும் அடுப்பிலிருந்து ஓய்வு பெற்றவர், 2003இல் திரும்பி வந்தபோது வெள்ளை மேஜைவிரிப்பை விட்டுவிட்டு, ஜப்பானிய சுஷி கடைகளைப் போலச் சமையலறையைச் சுற்றி நீளமான கவுண்டரைப் போட்டார். சிவப்பும் கறுப்புமான அறை. முன்னால் உயரமான நாற்காலி. முழங்கால் வலி உள்ளவர்கள் மேஜை கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. எனக்கு அந்த நாற்காலிதான் வேண்டும். சமையலறையே கண்ணெதிரில் நடக்கிறது. ஒருவர்கூடக் கத்தவில்லை. ஒருவர் தட்டின் விளிம்பைத் துடைக்கிறார், அடுத்தவர் அதை எடுத்துத் திரும்பும்போது மூன்றாமவர் இரண்டு அங்குலம் நகர்ந்து வழிவிடுகிறார். எங்கள் கூடத்தில் 11 மணிக்கு நாங்கள் எட்டுப் பேர் படும் பாட்டை நினைத்துக்கொண்டு பார்த்தேன். சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்த நேரமும் உண்டு.

ரொபுஷோன் 2018இல் காலமாகிவிட்டார். அவருக்குப் புகழ் வாங்கிக்கொடுத்தது உருளைக்கிழங்கு மசியல். அவர் வெளியிட்ட செய்முறையில் ஒரு கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய். தோலோடு வேகவைத்து, உரித்து, மசித்து, அடுப்பில் கிண்டி ஈரத்தை வற்றவிட்டு, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து, சூடான பால் ஊற்றி, மெல்லிய சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். நான் வாரம் இரண்டு நாள் உருளைக்கிழங்கு மசிக்கிறவள். அந்தச் சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்ததும் கண் கலங்கிவிட்டது. இத்தனை எளிய பொருளுக்கு இத்தனை மரியாதை கொடுத்திருக்கிறாரே என்றிருந்தது. எனக்கு அது காடையோடு வந்தது. என் கணவருக்கு ஏற்கெனவே அச்சடித்த சைவ மெனு தனியாக இருந்தது. வரிசையாக வந்த சின்னச் சின்னத் தட்டுகளில் ஒன்றிரண்டு எனக்கு அழகாகத் தெரிந்த அளவுக்கு அவருக்கு ருசிக்கவில்லை, உப்புக் குறைவு என்றார். ஆனால் அவருக்கும் மசியல் வந்தது, கேட்காமலேயே இரண்டாவது கிண்ணமும் வந்தது.

கடைசி இரவு கீ சவாய். சீசர்ஸ் பேலஸின் அகஸ்டஸ் கோபுரத்தில், 2006இல் திறந்தது. பாரீஸில் கீ சவாய் என்ற சமையல்காரர் நடத்தும் உணவகத்தின் தங்கை என்று சொல்லலாம். கேசினோ தளம் வழியாகப் போக வேண்டாம், கோபுரத்தின் பக்கமாகவே போகப் பாருங்கள். கேசினோ தளத்தில் சிகரெட் பிடிக்க அனுமதி உண்டு. அது மூக்கில் ஏறிவிட்டால் முதல் இரண்டு உணவின் மணம் தெரியாது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். குளிரூட்டி பலமாக இருக்கும், ஒரு சால்வை எடுத்துப் போங்கள். கதவைத் தாண்டியதும் எனக்கு முதலில் உறைத்தது அமைதி. நான்கு நாளாக மணிச் சத்தமும் பாட்டும் காதில் ஓடிக்கொண்டே இருந்த ஊரில், பக்கத்து மேஜையில் கரண்டி வைக்கும் ஓசை கேட்கிறது. ஜன்னலுக்கு வெளியே எதிர் ஹோட்டலின் மாதிரி ஐஃபல் கோபுரம் மினுங்கிக்கொண்டிருந்தது. என் கைப்பையைத் தரையில் வைக்கப் போனேன். அதற்கென்று ஒரு குட்டி முக்காலி வந்து நின்றது.

கீ சவாயின் பெயர் சொல்லும் உணவு ஆர்ட்டிசோக் சூப். ஆர்ட்டிசோக் மொட்டை வேகவைத்து அரைத்த கெட்டிச் சாறு, மேலே கறுப்பு ட்ரஃபிள் காளான் வில்லைகள், பார்மேசான் பாலாடைக்கட்டிச் சீவல். கூடவே காளான் வைத்துச் சுட்ட பிரியோஷ் ரொட்டி. அதன் மேல் ட்ரஃபிள் கலந்த வெண்ணெயை நம் கண் முன்னால் தடவுகிறார்கள். ரொட்டியைப் பிய்த்து சூப்பில் தோய்க்கச் சொன்னார்கள். மழை பெய்த தோட்டத்து மண் வாசனை வருகிறது, அது ட்ரஃபிளின் வேலை. பின்னாலேயே வெண்ணெயின் இனிப்பு.

என் கணவருக்கு ஒரு சந்தேகம். பார்மேசான் செய்யும்போது பாலைத் திரிய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ப்பார்கள். இது பலருக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரியும். தயங்கித் தயங்கிச் சொன்னார். பரிமாறிய இளைஞர் குனிந்து, "நீங்கள் சொன்னதற்கு நன்றி, சீவல் இல்லாமல் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சூப்பின் அடிச்சாறு எதில் செய்தது என்பதை நாங்கள் கேட்பதற்கு முன்பே விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். எனக்கு மீன் வந்தபோது அவருக்குப் பீட்ரூட் வந்தது, மூன்று விதமாகச் செய்து, என் தட்டைப் போலவே கச்சிதமாக அடுக்கி. இரண்டு தட்டும் ஒரே நொடியில் மேஜையைத் தொட்டன. ரொட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், அவரவர் தட்டில் இருப்பதற்குப் பொருத்தமாக எனக்கு ஒன்று, அவருக்கு வேறொன்று என்று எடுத்து வைத்தார்.

செலவைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இந்த மாதிரி இடங்களில் மெனுவில் போட்டிருக்கும் விலையோடு கணக்கு முடிவதில்லை. அங்கே விற்பனை வரி 8.375 சதவீதம். டிப்ஸ் 18இலிருந்து 20 சதவீதம் வழக்கம். ஒருவருக்கு 300 டாலர் மெனு என்றால் வரி 25, டிப்ஸ் 60, ஆக 385 டாலர் ஆகிவிடும். இரண்டு பேருக்கு 770. ஒயின் தனி. சில இடங்களில் டிப்ஸை பில்லிலேயே சேர்த்துவிடுகிறார்கள், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் ஒன்றரை வருடம் இதற்கென்று தனியாகச் சேர்த்தோம். அந்தப் பணத்தில் முதல் இரவு ஸ்டேக் ஹவுஸுக்குக் கொடுத்ததுதான் இன்னும் உறுத்துகிறது. அதையும் கீ சவாய்க்கே கொடுத்திருந்தால் இன்னும் நீளமான மெனுவைக் கேட்டிருக்கலாம்.

முன்பதிவை நான்கு வாரம் முன்னால் செய்தேன். ஜனவரியில் பெரிய மின்னணுக் கண்காட்சி நடக்கும் வாரம் போன்ற நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், மேஜை கிடைப்பது சிரமம். சைவம் என்பதை எழுதியதோடு விடாமல், இரண்டு நாள் முன்னால் போனில் கூப்பிட்டு எதெல்லாம் ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஸ்டேக் ஹவுஸுக்கு அப்படிப் போன் செய்யவில்லை. அது என் பக்கத்துக் குறை என்று ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைத்துவிட்டு இனிப்பு வண்டி வந்தது. பழச்சாற்றுப் பனிக்கூழ், பிஸ்கட், சாக்லேட், கண்ணாடிச் சாடிகளில் மார்ஷ்மல்லோ. எதை எடுப்பது என்று நான் திணறிக்கொண்டிருந்தேன். மார்ஷ்மல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டு எலும்பிலோ பன்றித் தோலிலோ எடுப்பது. என் கணவர் அதைக் கேட்க வாயெடுத்தார். அந்த இளைஞர் முந்திக்கொண்டார். "இந்தச் சாடி உங்களுக்கு ஆகாது சார், அதனால் இதை எடுத்து வைத்திருக்கிறேன்" என்று அவர் பக்கம் ஒரு சின்னத் தட்டை நகர்த்தினார். அதில் சாக்லேட்டும் எலுமிச்சை மணக்கும் ஒரு கேக் துண்டும் இருந்தன. என் கணவர் எதுவும் கேட்கவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதல் துண்டை எனக்கு நீட்டினார்.